பழைய டார்ச்சுக்குப் புது எல்இடி: பல்பை மாற்றுவதா, உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

வீட்டில் ஒரு பழைய டார்ச் இருக்கிறது. அப்பா காலத்து இரண்டு கட்டை பித்தளை டார்ச்சாக இருக்கலாம், சில வருடங்களுக்கு முன் வாங்கிய அலுமினிய ஜூம் டார்ச்சாக இருக்கலாம். உடம்பு உறுதியாக இருக்கிறது, வெளிச்சம்தான் போதவில்லை. கடையில் சின்னச் சின்ன எல்இடிகளை ஆயிரம் லூமன் என்று சொல்லி விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் போதாதா என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள்.

சில டார்ச்சுகளுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. எல்இடி எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதை அதன் மேல் அச்சிட்ட எண் தீர்மானிப்பதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் உலோகம், அதைச் சுற்றி ஒளியைக் குவிக்கும் பளபளப்பான கிண்ணம், அதற்குக் கீழே இருக்கும் பேட்டரி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆகவே எந்த எல்இடி வாங்குவது என்று யோசிக்கும் முன் கையில் இருக்கும் டார்ச்சைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. பல்பை மட்டும் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருந்தும் எல்இடி பல்பைப் போடுவது ஒன்று. ஏற்கெனவே எல்இடி டார்ச்சாக இருந்தால், டிரைவரை, அதாவது எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டை, தொடாமல் எல்இடியை மட்டும் மாற்றுவது இரண்டாவது. எல்இடி, டிரைவர், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றுவது மூன்றாவது. எதையும் மாற்றாமல் புதிதாக வாங்கிக்கொள்வது நான்காவது.

## எதை வைத்து முடிவு செய்வது

தூரமா, பரப்பா? லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். வரப்பின் கடைசியில் நிற்பது நாயா நரியா என்று தெரிய வேண்டுமானால் மொத்த வெளிச்சம் உதவாது, ஒரே இடத்தில் குவிந்த வெளிச்சம் வேண்டும். அதை கேண்டிலாவில் அளப்பார்கள். டார்ச் அட்டையில் "200 மீட்டர்" என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் 0.25 லக்ஸ், அதாவது தெளிந்த வானில் முழுநிலவு தரும் அளவு வெளிச்சம் விழும் என்றுதான் பொருள். அதற்கு 10,000 கேண்டிலா தேவை. ஒளிக்கற்றையின் வடிவம் மாறாமல் வெளிச்சம் இரண்டு மடங்கானால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். கண்ணும் அப்படித்தான்: நான்கு மடங்கு லூமன் வந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சமாகத்தான் தெரியும். 200 லூமனை 300 ஆக்க நாள் முழுக்க மெனக்கெட்டால் கடைசியில் வித்தியாசமே தெரியாமல் போகலாம்.

சூடு எங்கே போகும்? பழைய இழைப் பல்பு தன் சூட்டைக் கதிராகவே முன்பக்கம் அனுப்பிவிடும். எல்இடி அப்படிச் செய்யாது. அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாக மாறி, சில்லின், அதாவது எல்இடிக்குள் ஒளிவிடும் சிறு துண்டின், அடிப்பக்கம் வழியாக உடம்புக்குள் இறங்கும். இறங்க வழியில்லாவிட்டால் எல்இடி கொதித்து, வெளிச்சம் குறைந்து, நீலம் பாய்ந்து, கடைசியில் அணைந்துவிடும். எல்இடி உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து கையில் பிடிக்கும் உடம்பு வரை இடைவெளி இல்லாமல் கனமான உலோகம் தொடர்ந்து செல்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கு வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒன்றே சொல்லிவிடும்.

பேட்டரி எவ்வளவு தரும்? வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். புதிய கட்டைகள் இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட். எரிய எரிய அது இறங்கிக்கொண்டே போகும். சாதாரணத் துத்தநாக–கார்பன் கட்டையிடம் 2 ஆம்பியர் கேட்டால் மின்னழுத்தம் அப்படியே சரிந்துவிடும். அந்தக் கட்டை அதற்காகச் செய்யப்பட்டதன்று.

தொடர்பு முனைகள் எப்படி இருக்கின்றன? இதைப் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை. பழைய டார்ச்சின் தள்ளு ஸ்விட்ச், ஸ்பிரிங், மூடி மரை எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை இருப்பது சாதாரணம். 0.3 ஆம்பியர் இழைப் பல்புக்கு அதனால் 0.06 வோல்ட்தான் இழப்பு. அதே வழியில் 2 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வீணாகி, 0.8 வாட் சூடு ஸ்விட்சிலும் ஸ்பிரிங்கிலும் சேரும். எல்இடி சரியில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப்படும் எத்தனையோ எல்இடிகளில் குறையே இருப்பதில்லை. துருப்பிடித்த ஸ்பிரிங்தான் காரணம்.

என்ன நிறம்? வெள்ளை வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். நீலம் கலந்த 6500 கெல்வின் வெளிச்சம் பளீரென்று தெரியும். ஆனால் மலிவான குளிர்வெள்ளை எல்இடியில் சிவப்புப் பகுதி மெலிந்திருக்கும். செம்மண்ணில் காய்ந்த சருகும் கண்ணாடி விரியனும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். இரவு முறையில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகிறவருக்கு லூமனைவிட இது முக்கியம். 4000 முதல் 5000 கெல்வினுக்குள், நிறக்காட்டுத் திறன் (சிஆர்ஐ, பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடியில் லூமன் சற்றுக் குறையும். ஆனால் பழுப்பு பழுப்பாகத் தெரியும்.

## வழி 1: பல்பை மட்டும் மாற்றுவது

இழைப் பல்பு போட்ட பழைய டார்ச்சுகளுக்கு இது. பல்பின் உலோகப் பகுதியில் 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர், 3.8 வோல்ட் 0.3 ஆம்பியர் என்பது போலப் பொறித்திருக்கும். அடிப்பகுதி இரண்டு வகையில் வரும்: மரை போட்டுத் திருகுவது ஒன்று, வட்ட விளிம்பு வைத்து உட்காருவது மற்றொன்று. இரண்டுக்கும் அப்படியே பொருந்தும் எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. ஈயம் வைக்க வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பழைய பல்பையே திரும்பப் போட்டுவிடலாம். நினைவுக்காக வைத்திருக்கும் டார்ச்சுக்கு இதைத் தவிர வேறெந்த மாற்றமும் செய்யாதீர்கள் என்பேன்.

பலன் எவ்வளவு? 2.4 வோல்ட் 0.5 ஆம்பியர் இழைப் பல்பு 1.2 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 10 லூமன் தரும். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமனைத் தாண்டும். கிண்ணத்திலும் கண்ணாடியிலும் போகும் இழப்பைக் கழித்தாலும் வெளிச்சம் பல மடங்கு கூடுவது உறுதி.

ஆனால் பல மடங்கு வெளிச்சம் வந்தும் பழைய டார்ச்சைவிடத் தூரம் குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியே. பழைய கிண்ணம் இழைக்காக வடிவமைக்கப்பட்டது. இழை எல்லாத் திசையிலும் ஒளியை வீசும். அதில் பெரும்பகுதி கிண்ணத்தில் பட்டு, குவிந்து, முன்னே போகும். எல்இடியோ முன்பக்கம் மட்டும் விரிந்து வீசும். அந்த வெளிச்சத்தில் பாதி கிண்ணத்தைத் தொடாமலே வெளியேறிவிடும். அதோடு, எல்இடியின் சில்லு இழை இருந்த அதே புள்ளியில் உட்காருவதும் அரிது. விளைவாக அருகில் பரவலான வெளிச்சமும், நடுவில் மங்கலான வட்டமோ கறுப்பு ஓட்டையோ கிடைக்கும். தலைப்பகுதியைத் திருகிக் குவியத்தை மாற்றும் வசதி உள்ள டார்ச்சில் இதை ஓரளவு சரிசெய்துவிடலாம். குவியம் நிலையாக உள்ள டார்ச்சில் பல்பின் விளிம்புக்கு அடியில் மெல்லிய பித்தளை வளையம் வைத்து உயரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது மின்னழுத்தம். இரண்டு கட்டை டார்ச்சுக்கு 3 வோல்ட் என்று போட்டது வேண்டும். அதாவது உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சர்க்யூட் இருக்க வேண்டும். அது இல்லாத பல்பு புதுக் கட்டையில் கொஞ்ச நேரம் எரிந்து, பிறகு மங்கிப்போகும். இரண்டாவது, நேர் எதிர் முனைகள். இழைப் பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியில்லை. போட்டவுடன் எரியவில்லை என்றால் பல்பு பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, வாட். இந்தப் பல்புகளுக்குச் சூடு இறங்க வழி மிகக் குறைவு. 1 வாட்டுக்குள் இருப்பது நல்லது. 3 வாட், 5 வாட் என்று போட்டு விற்கும் பல்பு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நெடுநேரம் அந்த அளவில் எரியாது.

மறைவான செலவு ஒன்றும் உண்டு. இழைப் பல்பு கட்டை தீரத் தீர மஞ்சளாகி, சிவந்து, எச்சரித்துவிட்டுத்தான் அணையும். உயர்த்தும் சர்க்யூட் உள்ள எல்இடி பல்பு கடைசி வரை ஒரே மாதிரி எரிந்து சட்டென்று நின்றுவிடும். கட்டையை அடிவரை உறிஞ்சியும் விட்டிருக்கும். அப்படித் தீர்ந்த துத்தநாகக் கட்டை உள்ளேயே கிடந்தால் கசிந்து பித்தளையை அரித்துவிடும். தீர்ந்ததும் அன்றே எடுத்துவிட வேண்டும்.

## வழி 2: எல்இடியை மட்டும் மாற்றுவது, மின்னோட்டம் அதேதான்

என் கணிப்பில் இருப்பதிலேயே பலன் மிகுந்த மாற்றம் இதுதான், ஆனாலும் பலரும் இதைத் தாண்டி நேராக மூன்றாவது வழிக்குப் போய்விடுகிறார்கள். டார்ச்சுக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டாமல், அதே மின்னோட்டத்தில் அதிக வெளிச்சம் தரும் எல்இடியையோ, நல்ல நிறம் தரும் எல்இடியையோ, தூரம் தரும் எல்இடியையோ வைப்பது. சூடு அதிகமாகாது, பேட்டரிக்குச் சுமை ஏறாது, ஸ்விட்ச் பழையதே தாங்கும்.

அலுமினிய உடம்பு கொண்ட, ஒரு லித்தியம் செல் அல்லது மூன்று சிறு பேட்டரிகளில் ஓடும் டார்ச்சுகளுக்கு இது பொருந்தும். தலைப்பகுதியைத் திறந்தால் 16 அல்லது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான அல்லது நட்சத்திர வடிவத் தட்டும், அதன் நடுவில் எல்இடியும் இருக்கும். எல்இடியின் அளவு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: 3.5 மில்லிமீட்டர் சதுரம் அல்லது 5 மில்லிமீட்டர் சதுரம். வெறும் எல்இடியை வாங்கி வீட்டில் தட்டில் ஒட்டுவதற்குச் சூடேற்றும் மேடையும் பழக்கமும் வேண்டும். ஆகவே தட்டில் ஏற்கெனவே ஒட்டப்பட்டதை வாங்கிவிடுங்கள். அலுமினியத் தட்டைவிட, சில்லின் அடிப்பகுதி நேரடியாகச் செம்பைத் தொடும் செம்புத் தட்டு நல்லது. அலுமினியத் தட்டில் சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கும். சூடு அதில் தயங்கி நிற்கும்.

எந்த எல்இடி? தேவையைப் பொறுத்தது. நிறம் வேண்டுமானால் நிச்சியா நிறுவனத்தின் 219, 519 வரிசைகள் பெயர் பெற்றவை. வெளிச்சமும் நிறமும் இரண்டும் ஓரளவு வேண்டும் என்பவருக்குச் சாம்சங்கின் எல்எச்351டி பொருந்தும். தூரம் வேண்டுமானால் லூமனைப் பார்க்காமல் ஒளிவிடும் பரப்பைப் பாருங்கள். பரப்பு சிறியதாக இருக்க வேண்டும். ஜூம் டார்ச்சின் முன்னால் இருப்பது ஒற்றைக் குவிலென்ஸ். முழுவதும் குவித்தால் சில்லின் சதுர வடிவமே சுவரில் விழும். சில்லு பெரிதானால் சதுரம் பெரிதாகும், தூரம் குறையும். ஆயிரம் லூமன் ஆசையில் பெரிய சில்லை வைத்துவிட்டு, முன்பு தெரிந்த தென்னை உச்சி இப்போது தெரியவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

6 வோல்ட், 12 வோல்ட் எல்இடிகளும் அதே 5 மில்லிமீட்டர் அளவில் வருகின்றன. ஒற்றைச் செல் டார்ச்சில் அவை எரியவே எரியா. 3 வோல்ட் வகைதானா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

வேலை எளிது, ஆனால் இரண்டு இடங்களில் பொறுமை வேண்டும். ஒன்று, தட்டுக்கு அடியில் வெப்பப் பசை. பழைய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, புதியதை மெல்லிய படலமாகத் தடவி அழுத்த வேண்டும். அள்ளிப் பூசினால் பசையே சூட்டுக்குத் தடையாகும். இரண்டாவது, ஈயம் வைத்த முனைகள். உலோகக் கிண்ணம் அந்த ஈயக் குமிழ்களைத் தொட்டால் நேர் முனையும் எதிர் முனையும் ஒட்டிக்கொள்ளும். லித்தியம் செல் உள்ளே இருந்தால் அது ஆபத்து. எல்இடியைச் சுற்றி வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் இதற்காகத்தான் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் எல்இடிக்கான வளையம் 3.5 மில்லிமீட்டர் எல்இடிக்குப் பொருந்தாது. எல்இடியோடு சேர்த்து அதையும் வாங்குங்கள்.

மறைவான செலவு என்றால், ஈயம் வைக்கும் இரும்பும் மல்டிமீட்டரும் வீட்டில் இல்லாதவருக்கு அவையே எல்இடியைவிட அதிகம் ஆகும். சில டார்ச்சுகளில் தலைப்பகுதியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், சூடு காட்டித்தான் திறக்க வேண்டும். திறந்ததைத் திரும்ப மூடும்போது ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

## வழி 3: எல்இடி, டிரைவர், பேட்டரி மூன்றையும் மாற்றுவது

இங்கே மிச்சமிருப்பது உடம்பு மட்டுமே. ஆர்வமுள்ளவருக்கு இது தரும் மகிழ்ச்சி பெரியது, விளக்கின் ஒவ்வொரு பகுதியும் புரிந்துவிடும். பணம் மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். நல்ல செல், அதற்கேற்ற சார்ஜர், டிரைவர், எல்இடி எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் அந்தப் பழைய டார்ச்சின் விலையைத் தாண்டிவிடும்.

முதலில், மின்னோட்டத்தைக் கூட்டினால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் எல்இடியில் டி6 என்ற வெளிச்சத் தரம், 0.7 ஆம்பியரில் 280 லூமன் தரும். 2 ஆம்பியர் கொடுத்தால் ஏறத்தாழ 680. மின்னோட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, வெளிச்சம் இரண்டரை மடங்குக்கும் குறைவு. அதுவும் சில்லு சூடாகாமல் இருந்தால்தான். கண்ணுக்கு அது ஒன்றரை மடங்குபோலத் தெரியும். பேட்டரியோ மூன்று மடங்கு வேகத்தில் தீரும். 3000 மில்லியாம்பியர்–மணி செல்லில் 0.7 ஆம்பியர் என்றால் நான்கு மணி நேரம் எரியும், 2.8 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேரம்தான். அந்த 2.8 ஆம்பியரில் எல்இடி ஏறத்தாழ 9 வாட்டை விழுங்கும். மெல்லிய தகர உடம்பும் பிளாஸ்டிக் தலையும் உள்ள டார்ச்சால் அந்தச் சூட்டைச் சில நிமிடங்கள்கூடத் தாங்க முடியாது.

ஆகவே பெரிய கட்டை போடும் பழைய உலோக டார்ச்சை இந்த வழியில் மாற்ற விரும்புகிறவருக்கு நான் சொல்வது, 0.7 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏஎம்சி7135 என்ற சிறு சில்லு ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியரைச் சீராக விடும். அதில் இரண்டு உள்ள டிரைவர் போதும். 250 லூமனுக்கு மேல் கிடைக்கும். பழைய 10 லூமனோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். எல்இடி தட்டை ஒரு தடித்த அலுமினிய வில்லையில் ஒட்டி, அந்த வில்லை உடம்பின் உள்சுவரை இறுக்கமாகத் தொடும்படி லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது.

பேட்டரியில் பெரும்பாலோர் 18650 செல்லையே நினைக்கிறார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பெரிய கட்டையின் விட்டம் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 61. இடைவெளியை நிரப்ப பிவிசி குழாய் வெட்டி உறை செய்ய வேண்டும். அதைவிடப் பொருத்தமான செல் ஒன்று இருக்கிறது: 32650 அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட். சோலார் விளக்குகளில் பார்த்திருப்பீர்கள். 32 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் பெரிய கட்டையின் இடத்தில் ஏறக்குறைய அப்படியே உட்காரும். 3.2 வோல்ட், ஏறத்தாழ 6 ஆம்பியர்–மணி. 0.7 ஆம்பியரில் எட்டு மணி நேரம். சாதாரண லித்தியம் செல்லைவிடச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. இதற்கு 3.65 வோல்ட்டில் நிறுத்தும் தனிச் சார்ஜர் வேண்டும்; 4.2 வோல்ட் சார்ஜரில் இதைப் போடக் கூடாது. இரண்டு கட்டை டார்ச்சில் ஒரு செல்லும், மிச்ச இடத்துக்குப் பித்தளைத் தண்டு போட்ட ஒரு போலிக் கட்டையும் வைத்தால் முடிந்தது. செல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். சார்ஜ் அளவு வேறுபட்ட இரண்டு லித்தியம் செல்கள் தொடராக இருந்தால், ஒன்று முற்றிலும் தீர்ந்த பிறகும் மற்றது அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத உலோகக் குழாய்க்குள் அது நடந்தால் விளைவு வெடிப்பாக இருக்கலாம்.

18650தான் வேண்டும் என்றால், 9900 மில்லியாம்பியர்–மணி என்று உறையில் அச்சடித்ததைத் தொடாதீர்கள். பெயருள்ள நிறுவனங்கள் செய்யும் 18650 செல்கள் பெரும்பாலும் 2500 முதல் 3500 மில்லியாம்பியர்–மணி வரைதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பழைய மடிக்கணினிப் பேட்டரியிலிருந்து பிரித்து புது உறை போட்டதா என்று முனைகளைப் பாருங்கள். பற்றவைத்துக் கிழித்த புள்ளித் தழும்புகள் இருந்தால் அது பழையது.

ஸ்பிரிங்கின் மேல் ஒரு மெல்லிய செம்பு நூல்கம்பியைப் பாலமாக ஈயம் வைத்து இணைப்பதும், ஸ்விட்சின் பித்தளைப் பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் இந்த வழியில் கட்டாயம்.

## வழி 4: மாற்றாமல் புதிதாக வாங்குவது

பிளாஸ்டிக் உடம்பு, மெல்லிய தகரம், துருப்பிடித்த ஸ்விட்ச் ஆகிய மூன்றில் இரண்டு உங்கள் டார்ச்சில் இருந்தால் புதிதாக வாங்குவதே நல்லது. புதிய டார்ச்சில் சூடு, கிண்ணம், டிரைவர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டிருக்கும். நல்லதில் சூடு ஏறினால் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும் ஏற்பாடும், செல் தீரும் முன் எச்சரிக்கும் ஏற்பாடும் இருக்கும். உத்தரவாதமும் உண்டு.

ஏமாற்று இங்கேயும் இருக்கிறது. ஒரு செல்லில் ஓடும் டார்ச்சில் லட்சம் லூமன் என்று போட்டிருந்தால் அதைக் கணக்கே பொய்யாக்கிவிடும்: ஒரு வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் அதற்கு 660 வாட்டுக்கு மேல் வேண்டும். எவ்வளவு நேரம் எரியும், எவ்வளவு தூரம், எத்தனை கேண்டிலா என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் அட்டையை நம்பலாம். லூமனை மட்டும் பெரிய எழுத்தில் போட்டதை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பல்பு மட்டும் | எல்இடி மட்டும் | எல்லாம் மாற்றுவது | புதிது |
|---|---|---|---|---|
| பொருந்தும் டார்ச் | பழைய இழைப் பல்பு வகை | அலுமினிய எல்இடி டார்ச் | கனமான உலோக உடம்பு | எதுவும் தேவையில்லை |
| வெளிச்சம் | பல மடங்கு கூடும் | ஓரளவு கூடும் | மிக அதிகம் | வாங்குவதைப் பொறுத்தது |
| தூரம் | குறையவும் கூடும் | சரியான சில்லால் கூடும் | கிண்ணத்தைப் பொறுத்தது | அட்டையில் தெரியும் |
| சூட்டுச் சிக்கல் | 1 வாட் வரை இல்லை | புதிதாக எதுவும் இல்லை | முக்கியச் சிக்கல் | தயாரிப்பாளர் பொறுப்பு |
| கருவிகள் | வேண்டாம் | ஈயம் வைக்கும் இரும்பு, மல்டிமீட்டர் | அவற்றோடு லேத் வேலையும் | வேண்டாம் |
| மறைவான செலவு | கட்டைக் கசிவு, சட்டென்று அணைவது | வளையம், பசை, நீர்க்காப்பு | தனிச் சார்ஜர், நல்ல செல், நேரம் | தரமான செல் தனியாக வாங்க நேரலாம் |
| பழைய நிலைக்குத் திரும்ப | உடனே முடியும் | முடியும் | கடினம் | பொருந்தாது |

## சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச்: இதில் மட்டும் கை வைக்க வேண்டாம்

பின்பக்கத்தில் இரண்டு முள் பிளக்கை உள்ளிழுத்து வைத்திருக்கும் மலிவான சார்ஜ் டார்ச்சுகளை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. உள்ளே 4 வோல்ட் ஈய–அமிலப் பேட்டரி இருக்கும். அதைச் சார்ஜ் செய்வது பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் நான்கு டையோடுகளும் மட்டுமே, மின்மாற்றி கிடையாது. அதாவது பிளக்கில் செருகியிருக்கும்போது பேட்டரி, ஸ்விட்ச், எல்இடி முனைகள் எல்லாமே வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். வெளியே பிளாஸ்டிக் மூடியிருப்பதால்தான் கையில் படுவதில்லை. அதில் புது எல்இடிக்காக உலோக வில்லை ஒன்றை வைத்து அது வெளியே தெரிந்தால், 230 வோல்ட்டைக் கையில் பிடித்ததற்குச் சமம்.

ஈய–அமிலப் பேட்டரி போய்விட்டது, அதன் இடத்தில் லித்தியம் செல் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தச் சார்ஜ் சர்க்யூட்டோடு வைக்கவே கூடாது. 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்தும் ஏற்பாடு அதில் இல்லை, மின்தேக்கி வழியாக மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். அந்த உடம்பு மிகவும் பிடித்திருந்தால், பிளக்கையும் அதன் சர்க்யூட்டையும் முழுவதுமாக அகற்றி எறிந்துவிட்டு, பாதுகாப்புச் சில்லோடு வரும் டிபி4056 யுஎஸ்பி சார்ஜ் தட்டைப் பொருத்துங்கள். திறக்கும் முன் பிளக்கிலிருந்து எடுத்து நேரம் விட்டு, மின்தேக்கியின் முனைகளில் மின்னழுத்தம் மிச்சமில்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

## யாருக்கு எது

மின்வெட்டுக்கு மெழுகுவத்திக்குப் பதிலாக எரிய வேண்டும், வீட்டுக்குள்ளும் வாசலிலும் பார்த்தால் போதும் என்பவருக்கு முதல் வழி. பரவலான வெளிச்சம்தான் அங்கே தேவை என்பதால் தூரம் குறைவது குறையாகவே தெரியாது. கட்டைகளும் பழைய பல்பில் எரிந்ததைவிட நீண்ட நாள் வரும்.

வயலுக்குப் போகிறவர், இரவுக் காவலர், மலையேறுகிறவர் ஆகியோரிடம் உறுதியான அலுமினிய டார்ச் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது வழி. வயலுக்கு நிறம், காவலுக்குத் தூரம் என்று எல்இடியைத் தேர்ந்தெடுங்கள். நம்பியிருக்கும் ஒரே டார்ச்சைத் திறக்காதீர்கள். மாற்றும் வரை கைக்கு இன்னொன்று இருக்கட்டும்.

மூன்றாவது வழி, மின்னணு வேலையில் ஏற்கெனவே கை பழகியவருக்கும், கற்றுக்கொள்ளும் ஆசையில் பொறுமையோடு உட்காரக்கூடியவருக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதானால் லித்தியம் செல்லைத் தவிர்த்து, மூன்று நிக்கல் செல்களோடு 0.35 ஆம்பியர் அளவில் செய்து பாருங்கள். ஓம் விதி பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்து கையில் உட்காரும்.

வயதானவர்கள் தனியாகப் பயன்படுத்தும் டார்ச்சுக்கு நான்காவது வழியைத்தான் சொல்வேன். எந்த நேரத்திலும் ஒரே மாதிரி எரிய வேண்டும், சார்ஜ் செய்வதில் குழப்பம் இருக்கக் கூடாது. வீட்டில் மாற்றிய டார்ச்சுக்கு அந்த உறுதியை என்னால் தர முடியாது.

எந்த வழியில் மாற்றினாலும் முதல் முறை எரிய விடும்போது லென்ஸை நேராகப் பார்க்க வேண்டாம், சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டு, எல்இடிக்கு நேர் பின்னால் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இதமாகச் சூடேறியிருந்தால் சூடு சரியாக இறங்குகிறது. உடம்பு சில்லென்று இருந்து, வெளிச்சம் மட்டும் மங்கி நீலம் பாய்ந்திருந்தால் சூடு சில்லிலேயே தேங்கி நிற்கிறது. உடனே அணைத்துவிட்டு வெப்பப் பசையையும் தட்டின் அழுத்தத்தையும் திரும்பப் பாருங்கள். பிடிக்க முடியாத அளவு சுட்டால் மின்னோட்டம் அந்த உடம்புக்கு அதிகம். டிரைவரில் ஒரு ஏஎம்சி7135 சில்லைக் குறைக்க வேண்டும்.